தொலைக்காட்சித் தொடர் எழுதும் வகுப்பு, வெள்ளவத்தை: சனல் கதையை மாற்றச் சொன்னால் என்ன செய்வது?

வார இறுதியில் நடக்கும் இந்த இரண்டு நாள் வகுப்பின் உயிர் இரண்டாம் நாள் காலையில் இருக்கிறது. பத்து எபிசோட்டுக்கான ஒன்லைனை, அதாவது கதைச் சுருக்கத்தை, கையில் தருகிறார்கள். அரைமணி நேரத் தொடரில் விளம்பரம் போக மிஞ்சுவது சுமார் 22 நிமிடம். ஒன்லைனைச் சீன் சீனாகப் பிரித்து முடித்ததும், "ரேட்டிங் இறங்கிவிட்டது, மாமியாரை நல்லவளாக்குங்கள்" என்று சனல் அனுப்பியதுபோல ஒரு துண்டுச் சீட்டு வருகிறது. தமிழ்நாட்டுத் தொடர்களில் வியாழக்கிழமை ரேட்டிங் வந்தபின் நடப்பது இதுதான்.

பலர் சறுக்குவதும் இங்கேதான். வசனத்தை மட்டும் மாற்றுகிறார்கள். ஆறாம் எபிசோட்டில் மாமியார் ஒளித்துவைத்த தாலிக்கொடி அப்படியே கிடக்கிறது! படம்பிடித்து முடிந்ததைத் தொடாமல், அவள் மனம் மாறுவதற்கான காரணத்தை அடுத்த சீன்களில் விதைக்க வேண்டும். ஆசிரியர் அந்த இடத்தை ஒவ்வொரு கொப்பியிலும் சிவப்புப் பேனையால் வட்டமிட்டுக் காட்டுகிறார். அருமையான பயிற்சி.

ஒப்பந்தம் பற்றிய பகுதிதான் அவசரமாக ஓடிவிடுகிறது. பெரிய குறை. கதை உரிமை யாருக்கு, எத்தனை திருத்தம் வரை அதே சம்பளம், எழுத்தாளரை மாற்றினால் டைட்டிலில் பெயர் நிற்குமா என்று கையெழுத்துக்கு முன் கேட்காதவருக்குப் பிறகு கதையில் பிடியே இல்லை. தொலைபேசியில் சொன்ன திருத்தத்தை எழுத்தில் வாங்கிவிட்டே எழுதத் தொடங்க வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கலாம். முதல் நாள் அறிமுகத்தைச் சுருக்கினாலே நேரம் கிடைக்கும்.