மந்தைவெளி லெண்டிங் லைப்ரரியும் ஈஸ்டாட் போலீஸ்காரரும்

சென்னை மந்தைவெளி பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது இந்த வாடகை நூலகம். பலகையில் இருந்த பெயர் மழையில் அழிந்துவிட்டது. ‘லெண்டிங் லைப்ரரி’ என்று கேட்டால் இஸ்திரிக்காரர் கை காட்டுவார். டெபாசிட் 500 ரூபாய். புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. இரண்டு வாரம் வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு மின்விசிறிதான், உட்கார இடம் கிடையாது, மேல் தட்டில் தூசி அதிகம். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு ஒன்றரை வருஷமாகப் போகிறேன் என்றால், அதற்குத் துப்பறியும் நாவல் எழுதிய ஹென்னிங் மான்கெல்தான் காரணம்.

ஸ்வீடன்காரர். 1948இல் பிறந்தவர். அவர் அப்பா நீதிபதி. ஸ்வேக் என்ற சின்ன ஊரில் நீதிமன்றத்துக்கு மேல்மாடியில்தான் வீடு. அம்மா சிறு வயதிலேயே பிரிந்து போய்விட்டார். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கப்பலில் வேலைக்குப் போனார். இவர் உருவாக்கிய குர்ட் வாலண்டர், ஈஸ்டாட் என்ற கடலோர ஊரின் துப்பறியும் போலீஸ்காரர். வாலண்டர் வரும் முதல் நாவல் 1991இல் வந்தது. பண்ணை வீட்டில் வயதான தம்பதியைக் கொன்றுவிடுகிறார்கள். சாகும் முன் அந்தம்மா சொன்ன ஒரு வார்த்தை வெளியே கசிகிறது: ‘வெளிநாட்டவர்’. அவ்வளவுதான், ஊரே அகதிகள் மேல் பாய்கிறது. கொலையை விட அந்த வெறுப்பு எப்படிப் பரவுகிறது என்பதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

இங்கே நூலகக்காரர் செய்திருக்கும் ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வாலண்டர் புத்தகத்தின் முதுகிலும் சின்னத் தாள் ஒட்டி, பென்சிலால் 1, 2, 3 என்று எழுதி வைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் இவை வரிசையாக வரவில்லை. 1994இல் ஸ்வீடிஷில் வந்த நான்காவது நாவல், ஆங்கிலத்துக்கு 2005இல்தான் வந்தது, எட்டாவதுக்கும் பிறகு. மூன்றாவதில் வாலண்டர் கையால் ஒரு ஆள் சாகிறான். நான்காவதில் அந்த பாரம் தாங்காமல் வேலையையே விடப் பார்க்கிறார். இதைத் தாண்டிப் போனால் அந்த மனிதரே நமக்குப் பிடிபட மாட்டார். ஏழாவதில் அவருக்கு சுகர் வருகிறது. தண்ணீர் தாகத்தையும் அலுப்பையும் மான்கெல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரரை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன்.

இரண்டாவது நாவலில் நடுவே எட்டுப் பக்கம் இல்லை. சொன்னதும் நூலகக்காரர் வாடகையைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த வாரமே வேறு பிரதி வாங்கி வைத்திருந்தார்.

2009இல் வந்த கடைசி வாலண்டர் நாவலைக் கேட்டபோது மட்டும் தயங்கினார். என் அப்பாவுக்கு மறதி நோய் என்று அவருக்குத் தெரியும். “இதுல வாலண்டருக்கும் அதேதான்மா வருது. இப்ப வேண்டாமே, அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். பதிலுக்கு ஒல்லியாக வேறொரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அதுவும் மான்கெல் எழுதியதுதான், ஆனால் கதை இல்லை. உகாண்டாவில் எய்ட்ஸால் சாகப்போகும் பெற்றோர், பிள்ளைகளுக்காக எழுதி வைக்கும் நினைவுப் புத்தகங்களைப் பற்றியது. மான்கெல் 1986 முதல் மொசாம்பிக் தலைநகர் மபூட்டோவில் ஒரு நாடகக் குழுவை நடத்தியவர். ஆப்பிரிக்கா அவருக்குப் பாதி வீடு. 2015இல் புற்றுநோயால் இறந்தார்.

அன்று இரவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். பக்கிங்ஹாம் கால்வாயில் விறகுப் படகு வருவதைக் கரையில் நின்று பார்த்ததாக அப்பா சொன்னதுதான் முதல் பக்கம். இப்போது முப்பத்தொரு பக்கம் ஆகிவிட்டது. அந்தக் கடைசி நாவல், என் உறுப்பினர் எண் எழுதிய சீட்டோடு, நூலகக்காரர் மேஜைக்குப் பின்னால் இன்னும் இருக்கிறது.