சிறுநீரா, எச்சிலா? கஞ்சா சட்டமான பிறகு வேலைத்தளச் சோதனை

2018 அக்டோபர் 17இல் கனடாவில் கஞ்சா சட்டபூர்வமானது. எங்கள் கிடங்கின் பழைய விதி சட்டவிரோதப் போதைப்பொருளை மட்டும்தான் தடுத்தது, ஆக கஞ்சா அதிலிருந்து நழுவிவிட்டது. ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிற இடத்தை அப்படியே விட முடியுமா? விபத்துக்குப் பிறகோ, நியாயமான சந்தேகம் வந்தாலோ சிறுநீரையா எச்சிலையா சோதிப்பது என்று பார்த்து, எச்சில் சோதனைக்குப் போனோம்.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் ஆய்வகம் உறுதிசெய்த பிறகுதான் முடிவு.

எங்களைத் தீர்மானிக்க வைத்தது ஒன்றே ஒன்று: எவ்வளவு நாள் பின்னோக்கிப் பார்க்கிறது என்பது. சிறுநீரில் தேடுவது உடல் கஞ்சாவைச் சிதைத்தபின் மிஞ்சும் கழிவுப்பொருளை. கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. கொழுப்பில் தங்கி மெல்லக் கசிவதால் அந்தக் கழிவும் வந்துகொண்டே இருக்கும், எப்போதாவது புகைப்பவருக்குச் சில நாள், தினமும் புகைப்பவருக்குச் சில வாரம்கூட. சனிக்கிழமை இரவு வீட்டில், சட்டப்படி, புகைத்தவர் புதன்கிழமை பெட்டி இறக்கும்போது மாட்டலாம், அவர் தெளிவாக இருந்தாலும். எச்சிலில் தேடுவது டி.எச்.சி.யையே, பெரும்பாலும் சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை, தினமும் புகைப்பவருக்குச் சிலவேளை அதைவிடக் கூடவும். நமக்கு வேண்டியது இந்த ஷிஃப்ட்டுக்குப் பக்கத்தில் என்ன நடந்தது என்பதுதானே. ரொறன்ரோ போக்குவரத்து ஆணையமும் 2017இல் எழுந்தமானச் சோதனை (சந்தேகம் இல்லாமலே யாரையாவது பொறுக்கிச் சோதிப்பது) தொடங்கியபோது போதைப்பொருளுக்கு எச்சிலையும் மதுவுக்கு மூச்சையும்தான் எடுத்தது. ஆனால் அதைப் பார்த்து யாரும் எழுந்தமானத்தில் இறங்கிவிட வேண்டாம்: வேலைத்தளத்தில் குடிப்பிரச்சினை இருப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லாமல், தொழிற்சங்கம் உள்ள ஓர் ஆலை தானாகக் கொண்டுவந்த எழுந்தமான மதுச் சோதனையைக் கனடா உச்ச நீதிமன்றம் 2013இல் ஏற்கவில்லை.

எடுப்பதும் சுலபம். சிறுநீர் என்றால் கழிப்பறைத் தண்ணீரில் நீலச்சாயம், கோப்பையில் வெப்பநிலைப் பட்டை, வெளியே ஒருவர் காவல். எச்சிலுக்குக் கண்ணெதிரே வாயில் ஒரு பஞ்சுக்குச்சி, அவ்வளவுதான். வாய் காய்ந்திருந்தால் அது நனைய நேரமெடுக்கும், கஞ்சாவும் வாயைக் காயவைக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மதுவுக்கு மூச்சுக்கருவி காட்டும் அளவைப் போதையோடு ஓரளவு பொருத்தலாம். கஞ்சாவுக்கு இரண்டு சோதனையுமே அப்படிச் சொல்லாது, அதனால் மேற்பார்வையாளர் கண்ணால் பார்த்து எழுதும் குறிப்பு கட்டாயம் வேண்டும். சாப்பிடும் கஞ்சா எச்சிலில் எந்தளவு பிடிபடும் என்பதில் எனக்கு அனுபவம் போதாது.

எல்லை தாண்டி அமெரிக்காவுக்கு லொறி ஓட்டுபவர்களை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதிதான், மருத்துவர் எழுதிக்கொடுத்த கஞ்சா என்றாலும் செல்லாது. அவர்களுக்குத் தனிக் கொள்கை எழுதிவிடுங்கள்.