வார இறுதிக்கு சுவிஸ்: லூசெர்னா, பெர்னா? எந்த மலை ரயில்?

சனி, ஞாயிறு என்று கையில் இரண்டே நாள். கணவனும் மனைவியும் மட்டும். ஒரு நகரத்தில் தங்கிக் கால் போன போக்கில் சுற்ற வேண்டும், ஒரு நாளாவது மலை ரயிலில் ஏறிப் பனிச் சிகரங்களைப் பார்க்க வேண்டும். நானும் என் மனைவியும் இப்படி மூன்று முறை போய்வந்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் வேறு மலை. அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்: லூசெர்னில் தங்கி ரிகி, லூசெர்னில் தங்கி பிலாட்டஸ், பெர்னில் தங்கி யுங்ஃப்ராவ்யோக்.

சூரிக்கை ஏன் சேர்க்கவில்லை என்றால், அதன் ஊட்லிபெர்க் 870 மீட்டர் உயரமுள்ள குன்றுதான். புறநகர் ரயிலே மேலே கொண்டுபோய் விடுகிறது. மாலை நேரத்துக்கு நல்ல இடம், மலைப் பயணம் ஆகாது. ஜெர்மாட்டிலிருந்து கார்னர்கிராட் ஏறும் ரயில் அருமையானது, ஆனால் சூரிக்கிலிருந்து ஜெர்மாட் போகவே மூன்று மணி நேரத்துக்கு மேல். இரண்டு நாளில் அது ஓட்டமாகிவிடும்.

முதலில் ஊர். ஊர் என்று மட்டும் பார்த்தால் என் ஓட்டு பெர்னுக்குத்தான். ஆரே ஆறு பழைய நகரத்தை மூன்று பக்கமும் சுற்றி வளைத்து ஓடுகிறது. தெருக்களின் இரு பக்கமும் கல் வளைவுகளுக்குக் கீழே நடைபாதை, மழை கொட்டினாலும் குடையில்லாமல் கடை கடையாகப் போகலாம். 1983 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் பழைய நகரம் இது. சாயங்காலம் ரோஜாத் தோட்டத்து மேட்டில் உட்கார்ந்து கீழே ஓட்டுக் கூரைகள் நிறம் மாறுவதைப் பார்த்தது எங்களுக்கு இன்னும் மறக்கவில்லை. நம்மவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பெர்னின் ஐரோப்பா சதுக்கத்தில், பல மதத்தாரும் ஒரே கட்டடத்தைப் பகிர்ந்துகொள்ளும் 'மதங்களின் இல்லம்' 2014 டிசம்பரில் திறக்கப்பட்டது. இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள் வழிபடும் சிவன் கோயில் அதற்குள்ளேதான் இருக்கிறது.

லூசெர்ன் அதைவிடச் சின்னது. 14ஆம் நூற்றாண்டு மரப்பாலம், தண்ணீருக்குள் நிற்கும் எண்கோணக் கோபுரம், பாறையில் குடைந்த சாகும் சிங்கம் என்று அரை நாளில் முக்கியமானவற்றைப் பார்த்துவிடலாம். பாலத்தில் நடக்கும்போது கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். கூரைக்கடியில் முக்கோணப் பலகைகளில் பழைய ஓவியங்கள் தொங்கும். 1993 ஆகஸ்டில் பிடித்த தீயில் பெரும்பாலானவை எரிந்துபோயின. கருகியவற்றையும் காலியான இடங்களையும் பார்க்கும்போது மனசு கனக்கும்.

லூசெர்னின் பலம் வேறு. ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்தால் எதிரிலேயே படகுத்துறை. மலை ரயில் அடிவாரத்துக்கு அங்கிருந்து படகிலேயே போய்விடலாம். சூரிக் விமான நிலையத்திலிருந்து லூசெர்னுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். வெள்ளிக்கிழமை இரவு வந்து சேர்ந்துவிட்டால் இரண்டு நாளும் முழுசாக உங்களுக்கே.

சரி, மலைக்கு வருவோம். பெயர் பெற்றது யுங்ஃப்ராவ்யோக். 3,454 மீட்டர் உயரத்தில் ரயில் நிலையம். 1896இல் வேலை தொடங்கி, ஐகர், மோன்ஷ் என்ற இரண்டு மலைகளின் வயிற்றுக்குள் ஏழு கிலோமீட்டருக்கு மேல் குடைந்து, 1912 ஆகஸ்ட் 1 அன்று ரயில் விட்டார்கள். திட்டத்தைத் தொடங்கிய அடோல்ஃப் குயெர்-செல்லர் 1899இலேயே இறந்துபோனார். அந்த உழைப்பை நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது. மேலே நின்றால் அலெட்ச் பனியாறு இருபது கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கிறது.

ஆனால் ஒரு வார இறுதிக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். பெர்னிலிருந்து போகவே ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், திரும்ப அதே அளவு. அதைவிட முக்கியமானது, கிரிண்டெல்வால்டிலிருந்து 2020இல் தொடங்கிய புதிய கேபிள் காரில் போனால் ஐகர் பனியாற்று நிலையத்தில்தான் மலை ரயில் ஏறுவீர்கள். அதற்கப்புறம் கிட்டத்தட்ட முழுவதும் சுரங்கம். மலை ரயிலில் ஜன்னலோரம் கை கோத்து உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இருட்டுச் சுவர்தான் கிடைக்கும். லாட்டர்புருன்னென், வெங்கன் வழியாகப் போனால் காட்சிகள் உண்டு, நேரம்தான் இன்னும் கூடும்.

நாங்கள் போன அன்று மேலே முழு மேகம். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. வழியிலுள்ள இன்டர்லாக்கன் ஊரிலிருந்து போய்வர முழுக் கட்டணம் ஆளுக்கு 200 பிராங்குக்கு மேல். மனைவிக்கு அந்த உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலை பாரமாகி, அரை மணி நேரத்தில் கீழே இறங்கிவிட்டோம். இரண்டு நாள் மட்டும் இருப்பவர்களுக்கு வானம் ஏமாற்றினால் ஈடுகட்ட மறுநாள் கிடையாது.

ஆக, என் மனசில் உண்மையான போட்டி ரிகிக்கும் பிலாட்டஸுக்கும்தான்.

ரயில் என்ற முறையில் பிலாட்டஸுக்கு நிகர் இல்லை. 1889இல் திறந்த இது, உலகத்திலேயே மிகச் செங்குத்தான பல்சக்கர ரயில். அதிகபட்ச ஏற்றம் 48 சதவீதம். நம் நீலகிரி மலை ரயிலில் கல்லாறு தாண்டி வரும் ஏற்றம் 12க்கு 1, அதாவது 8.33 சதவீதம். அதையே வாயைப் பிளந்து பார்த்தவர்கள் நாம். நீலகிரியில் இருக்கும் பல்தண்டவாள முறையைக் கண்டுபிடித்த ரோமன் அப்டும் ஒரு சுவிஸ்காரர்தான். சாதாரணப் பல்சக்கரம் தண்டவாளப் பற்களின் மேலே உட்கார்ந்து உருளும். இவ்வளவு செங்குத்தான இடத்தில் அது பல்லை விட்டு மேலே எழும்பிவிடும் ஆபத்து உண்டு. அதனால் எடுவர்ட் லோஹர் என்ற பொறியாளர், இரண்டு சக்கரங்களைப் படுக்க வைத்து, நடுத் தண்டவாளத்தை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும்படி செய்தார். பாறையை ஒட்டிப் பெட்டி ஏறும்போது இதைத் தெரிந்து வைத்திருந்தால் பயம் குறையும், ரசனை கூடும்.

பிலாட்டஸின் இன்னொரு அழகு, வந்த வழியே திரும்ப வேண்டாம். லூசெர்னிலிருந்து படகில் ஆல்ப்னாக்ஸ்டாட், அங்கிருந்து ரயிலில் உச்சி, மறுபக்கம் கேபிள் கார்களில் க்ரீன்ஸ், கடைசியில் நகரப் பேருந்து. ஒரு முழு வட்டம். குறை என்றால், ரயில் ஏறக்குறைய மே முதல் நவம்பர் வரைதான். குளிர்காலத்தில் கேபிள் கார் மட்டுமே.

ரிகி 1,798 மீட்டர்தான், ரயிலின் ஏற்றமும் 25 சதவீதம்தான். ஆனால் ஐரோப்பாவின் முதல் மலை ரயில் இதுதான், 1871 மே மாதம் ஏரிக்கரை ஊரான விட்ஸ்னாவிலிருந்து ஓடத் தொடங்கியது. நிக்லாஸ் ரிக்கென்பாஹ் அமைத்தது. பின்னாளில் அப்டு தொழில் கற்றதும் இவரிடம்தான். பிலாட்டஸ் உச்சியில் பாறையும் மாடிப்படியுமாக ஒரு கோட்டை மேல் நிற்கிற மாதிரி இருக்கும். ரிகி அப்படியில்லை. புல்வெளி, மாட்டு மணி ஓசை, சுற்றிலும் ஏரிகள், எதிரே வரிசையாகப் பனிமலைகள். உச்சியிலிருந்து பாதி வழியிலுள்ள கால்ட்பாட் என்ற ஊர் வரை ஒரு மணி நேரம் போல மெதுவாக இறங்கி நடக்கலாம். அங்கே மரியோ போட்டா வடிவமைத்த வெந்நீர்க் குளியல் இருக்கிறது. நடந்து களைத்த பிறகு இருவரும் அந்தத் தண்ணீரில் கிடந்த ஒரு மணி நேரத்துக்கு முன்னால் மற்ற இரண்டு உச்சிகளையும் என்னால் வைக்க முடியவில்லை.

வருஷம் முழுக்க ரயில் ஓடுவதும் ரிகிக்குச் சாதகம். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் லூசெர்ன் மூடுபனிக்குள் கிடக்கும்போது மேலே பளீரென்று வெயில் அடிக்கும். பனிக்கடலுக்கு மேல் சிகரங்கள் தீவு போல நிற்கும். கீழே மப்பாக இருக்கிறதே என்று அறையில் படுத்துவிடாதீர்கள். எழுந்ததும் உச்சியில் இருக்கும் நேரலைக் கேமராவைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நான் லூசெர்னைச் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்: இன்று பிலாட்டஸா, ரிகியா, இல்லை நாளைக்கா என்பதைக் காலைக் காபியோடு தீர்மானிக்கலாம்.

பணக் கணக்கு சுருக்கமாக. சுவிஸ் டிராவல் பாஸ் என்ற பயணச் சீட்டு குறைந்தது மூன்று நாளுக்கு. வெள்ளி இரவையும் சேர்த்தால் பொருந்தும். அதில் ஏரிப் படகுகளும் ரிகி ரயிலும் அடங்கிவிடும், பிலாட்டஸுக்குப் பாதிக் கட்டணம், யுங்ஃப்ராவ்யோக்குக்குக் கால் பங்கு தள்ளுபடிதான்.

கோடையில் முதல் முறை போகிறீர்கள், ரயில் என்றால் உயிர் என்றால் பிலாட்டஸ். மற்ற எல்லோருக்கும், குறிப்பாக மே முதல் நவம்பர் வரையிலான காலத்துக்கு வெளியே போகிறவர்களுக்கு, ரிகி. வானம் தெளிவாக இருந்தால் சனிக்கிழமையே மலைக்குப் போய்விடுங்கள். ஞாயிறு அன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், ரயில் நிலையக் கடைகள்தான் கைகொடுக்கும். அதனால் ரொட்டியும் சீஸும் பழமும் முன்னாடியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோடையானால் விட்ஸ்னாவுக்குப் பழைய துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் எப்போது கிளம்புகிறது என்று பார்த்து அதிலேயே ஏறுங்கள், 1901இல் கட்டிய 'ஊரி' இன்னும் அந்த ஏரியில்தான் இருக்கிறது. விட்ஸ்னாவில் கப்பல் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே சிவப்பு ரயில் காத்திருக்கும். ஏறும்போது இடது பக்கம் உட்காருங்கள், ஏரி அந்தப் பக்கம்தான்.