ஹீட்டர் கோர்: கழுவுவதா, மாற்றுவதா?

டொராண்டோ குளிரில் கார் ஹீட்டர் குளிர்காற்றை ஊதினால், முதலில் கூலன்ட் அளவைப் பாருங்கள். இன்ஜின் ஆறியபிறகே மூடியைத் திறக்க வேண்டும். அளவு சரி, இன்ஜினும் ஓடிச் சூடாகிறது என்றால், ஃபயர்வாலுக்குள் (இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தடுப்பு) போகும் இரண்டு ஹோஸ்களைக் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று கொதித்து, மற்றது குளிர்ந்து கிடந்தால் பெரும்பாலும் ஹீட்டர் கோரில் (சூடான கூலன்ட் ஓடி, உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர்) அடைப்புதான். (இரண்டுமே நல்ல சூடு என்றால் சூடான, குளிர்ந்த காற்றைக் கலக்கும் மடலான பிளெண்ட் டோரைச் சந்தேகப்படுங்கள்.)

செலவு
கழுவினால்: தோட்டக் குழாய், புதுக் கூலன்ட், அவ்வளவுதான்.
மாற்றினால்: கூலிதான் கையைக் கடிக்கும். பல கார்களில் டாஷ்போர்டையே கழற்ற வேண்டும்.

வேலை
கழுவ ஒரு மதியம் போதும். தண்ணீரை, கோரிலிருந்து இன்ஜினுக்குத் திரும்பும் ஹோஸ் வழியாக மெதுவாக விடுங்கள். வேகமாக அடித்தால் பழைய கோர் பிய்ந்துவிடும். துருநிறச் சேறு வந்து, அப்புறம் தெளியும். மிச்சத் தண்ணீரை ஊதி வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் உறையும். வடியும் கூலன்டை வாளியில் பிடியுங்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைகால் நாய், பூனைக்கு விஷம்.

ஆயுள்
கழுவியது மறுபடி அடைக்கலாம். புதியது பல ஆண்டு வரும்.

கால்மிதி ஈரம், கண்ணாடியில் பிசுபிசுப்பு, இனிப்பு வாடை இருந்தால் கோர் ஒழுகுகிறது. மாற்றியே ஆக வேண்டும். வெறும் அடைப்பு, அதுவும் பழைய கார் என்றால், நான் கழுவித்தான் பார்ப்பேன்.