14 வெள்ளி சம்பல் சாஸ்: பன்னில் தடவினால் வீண், முட்டைக்குள் போட்டால் வேறு கதை

கோலாலம்பூர் தாமான் கொன்னாட் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்), வீட்டில் செய்த சம்பல் சாஸை, அதாவது மிளகாய் அரைத்த சாஸை, ஒரு அக்கா விற்கிறார். புதன்கிழமை அந்தக் கூட்டத்தில் நீந்திப் போய் ஒரு போத்தல் வாங்கி வந்தேன், 200 மில்லி, 14 வெள்ளி (ரிங்கிட்). ‘பர்கருக்கு ஏற்றது’ என்று தாளில் அச்சடித்து ஒட்டியிருந்தது, அதை நம்பித்தான் வாங்கினேன்.

முதல் நாள் ஏமாற்றம். எங்கள் வீட்டில் மாடு சாப்பிடுவதில்லை, கோழிதான். கடையில் உறைய வைத்து விற்பதை வாங்கிப் பொரிப்போம். (அதை ஆங்கிலத்தில் சொல்கிற மாதிரியே ‘பாட்டி’ என்று தமிழில் எழுதினால் வீட்டுப் பெரியவள் கோபித்துக்கொள்வாள், அதனால் கோழி வடை என்றே சொல்கிறேன்.) பன்னில் சாஸைத் தடவி, வடையை வைத்து மூடிக் கடித்தால் முதலில் வினிகர், அப்புறம் சீனி, நுனி நாக்கில் சுரீரென்று ஒரு காரம், அதோடு சரி. பன் வேறு ஊறிப்போய்க் கையோடு பிய்ந்து வந்தது.

அடுத்த முறை எங்கள் குடியிருப்பு முனையில் ராம்லி பர்கர் சுடுகிற அண்ணன் செய்வதை நினைத்துக்கொண்டேன். 1979இல் ராம்லி மொக்னி என்பவர் கோலாலம்பூரின் சௌக்கிட் பக்கம் சின்னக் கடையாகத் தொடங்கியது, இன்று மலேசியாவில் பர்கர் என்றாலே ராம்லி என்றாகிவிட்டது. அதில் ‘ஸ்பெஷல்’ கேட்டால் கல்லில் முட்டையை உடைத்து மெல்லிசாகப் பரப்பி, நடுவில் வடையை வைத்து, நாலு பக்கமும் கடித உறை மாதிரி மடிப்பார்களே, அந்த மடிப்புக்குள் சாஸ் போனால் என்ன என்று தோன்றியது. இரண்டு கரண்டி மயோனிசில் ஒரு கரண்டி இந்தச் சாஸைக் கலந்து, வடையின் மேல் பூசி, முட்டையை மடித்தேன்.

அதுதான் விஷயம். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும், மயோனிசில் பெரும்பங்கு எண்ணெய்தானே. வினிகர் முகத்தில் அறைவது அடங்கிவிட்டது, சில்லி பாடியின் (குட்டி மிளகாயின்) காரம் மூன்றாவது கடியில் தொண்டைப் பக்கம் மெதுவாக ஏறி, சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகும் நின்றது. பன்னும் ஊறவில்லை. வெள்ளரிக்காய் இரண்டு வில்லை, வெங்காயம், போதும். சீஸ் போட்டால் காரம் மங்கிவிடுகிறது, என் மகன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

மார்ஜரினில் சாஸை நேராகக் கொட்டி வதக்கியும் பார்த்தேன். சாஸில் இருக்கிற பெலாச்சான் (இறால் விழுது) வறுபடும்போது வருகிற வாசனை அருமை. ஆனால் சாஸில் சீனி இருப்பதால் கண் மூடித் திறப்பதற்குள் கருகிவிடுகிறது, வீடு முழுக்க இருமல். அடுப்பை அணைத்துவிட்டு அந்தச் சூட்டில் ஒரு புரட்டுப் புரட்டினால் போதும்.

குறையும் இருக்கிறது. பெலாச்சான் சேர்த்த விஷயம் போத்தலின் பின்னால் எறும்பு எழுத்தில் இருக்கிறது. அம்மா வெள்ளிக்கிழமை மரக்கறிதான் சாப்பிடுவார், உருளைக்கிழங்கு வடை வைத்து அவருக்குச் செய்த பர்கரில் இதை ஊற்றப் போய், மூடியைத் திறந்ததும் வந்த வாசனையில் அவரே கண்டுபிடித்ததால் தப்பித்தோம். கொட்டை எழுத்தில் முன்னால் போட வேண்டாமா? சீனியையும் பாதியாகக் குறைக்கலாம். மூடி இறுக்கமில்லை, படுக்க வைத்தால் கசிந்து ஐஸ்பெட்டி முழுக்கப் பிசுபிசுப்பு. இதை அடுத்த வாரம் அந்த அக்காவிடமே சொன்னேன். “போத்தல நிமிர்த்தி வைங்க அண்ணே” என்றார், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் இப்போது மூன்றாவது போத்தல் ஓடுகிறது. வருகிற புதன் மழை இல்லையென்றால் போய் இரண்டு வாங்க வேண்டும், ஒன்றைத் தம்பி கேட்டிருக்கிறான்.