கரபீனர் 31-உம் அதற்கு முந்தியவையும்: பழைய சுவிஸ் துவக்குகளோடு என் அனுபவம்

பழைய துவக்கு சேர்க்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: எது அரிது, எதற்கு நாளைக்கு விலை ஏறும்? சுடக்கூடியதை வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பார்த்தால் இந்தத் துவக்குகளைப் பற்றி ஒன்றும் விளங்காது. சுவிஸ் இராணுவத்தின் நேரிழுப்புத் துவக்குகளை பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சேர்த்து வருகிறேன். என்னிடம் உள்ள ஒவ்வொன்றும் வருடத்தில் ஒருமுறையாவது 300 மீற்றர் சூட்டுக் களத்துக்குப் போய்வரும்.

நேரிழுப்பு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: மௌசர், லீ என்ஃபீல்ட் போன்ற துவக்குகளில் போல்ற் (ரவை அறையைப் பின்னாலிருந்து மூடும் இரும்புத் துண்டு) கைப்பிடியை மேலே தூக்க வேண்டும், பின்னே இழுக்க வேண்டும், முன்னே தள்ள வேண்டும், திரும்பக் கீழே மடிக்க வேண்டும். சுவிஸ் துவக்கில் இழுப்பதும் தள்ளுவதும் மட்டுந்தான். கைப்பிடி ஒரு தண்டோடு சேர்ந்திருக்கும். அந்தத் தண்டில் உள்ள முளை, போல்ற்றைச் சுற்றியுள்ள உறையில் சரிவாக வெட்டிய பள்ளத்துக்குள் ஓடும். நீங்கள் நேரே இழுக்கிறீர்கள், உறை உள்ளே தானாகச் சுழன்று பூட்டுத் திறக்கிறது, பிறகு எல்லாம் சேர்ந்து பின்னே வருகிறது. படுத்திருந்து சுடும்போது தோளிலிருந்து துவக்கு அசையாது, கன்னம் கட்டையை விட்டு விலகாது. முதல்முறை இழுத்துப் பார்க்கும் எவரும் இன்னொரு தடவை இழுத்துப் பார்க்காமல் வைப்பதில்லை.

இதற்குள் எப்படி வந்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் தமிழ் ஆட்கள் பலர் இதைக் கேட்பார்கள். நான் சுவிஸில் வளர்ந்தவன், இங்கே குடியுரிமை எடுத்தவன், இராணுவப் பயிற்சி முடித்தவன். இராணுவத்தினருக்கான கட்டாயச் சூட்டுக்காக ஊர்ச் சூட்டுக் கழகத்துக்குப் போனபோது, பக்கத்துப் பாயில் படுத்திருந்த முதியவர் ஒருவர் கரபீனர் 31 எனும் பழைய இராணுவக் குறுந்துவக்கு வைத்திருந்தார். என் கையில் இருந்தது இராணுவம் தந்த 90-ஆம் மாதிரித் துவக்கு. அவருடையது அதைவிட அரை நூற்றாண்டு பழையது. புள்ளிகள் அவருக்குத்தான் கூட.

வீட்டில் இது இலேசான விடயமாக இருக்கவில்லை. அம்மாவுக்குத் துவக்கு என்றால் தொண்ணூறுகளின் வன்னிதான் ஞாபகம் வரும். "உந்தச் சாமானை வீட்டுக்குள்ள கொண்டு வராத தம்பி" என்றார். அதற்குமேல் நான் வாதாடவில்லை. அவர் எங்களோடு இருக்கும்வரை எல்லாம் நிலக்கீழ் அறையில் பூட்டிய இரும்பு அலுமாரியில்தான், போல்ற்றுகள் வேறு பூட்டில். அப்பா மட்டும் ஒருநாள் இறங்கி வந்து கரபீனரை நேரம் எடுத்துப் பார்த்தார். பன்றிக்குக் காவல் இருந்த, வாய்வழியே மருந்து இடித்து நிரப்பும் இடியன் துவக்குகளைத்தான் அவர் ஊரில் கண்டிருக்கிறார். நெம்புகோல் இல்லை, மேல்நோக்கிய கைப்பிடி இல்லை, இது எப்படித் திறக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

சட்டத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். இலங்கைக் குடியுரிமை மட்டும் உள்ளவர்கள் சுவிஸ் ஆயுதச் சட்டத்தின்கீழ் பொதுவாகத் துவக்கு வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. தடை செய்யப்பட்ட நாடுகளின் பட்டியலில் இலங்கை இருக்கிறது. நிரந்தர வதிவிடம் இருக்கிறதே என்று நினைத்துப் போகாதீர்கள். சுவிஸ் குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்த வகைக் கையிழுப்புத் துவக்குகளுக்கு வாங்கும் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அதை இரு தரப்பும் 10 வருடம் வைத்திருக்க வேண்டும், பிரதியொன்று 30 நாட்களுக்குள் கன்ரோன் அலுவலகத்துக்குப் போக வேண்டும். தனியாரிடம் வாங்கினாலும் இதே நடைமுறைதான்.

இனித் துவக்குகளுக்கு வருவோம்.

இந்தக் குடும்பத்தின் மூத்தது 1889-ஆம் ஆண்டு மாதிரி. துவக்கை வடிவமைத்தவர் ருடோல்ஃப் ஷ்மிட், ரவையை உருவாக்கியவர் எடுவார்ட் ரூபின். அதனால்தான் சேகரிப்பாளர்கள் இவற்றை ஷ்மிட்-ரூபின் என்கிறார்கள். நீளம் 1.3 மீற்றர், எடை ஐந்து கிலோவுக்குக் கிட்ட, மகசினில் 12 ரவைகள். தூக்கிப் பிடித்தால் முன்பக்கம் இழுக்கும். போல்ற் ஒரு முழங்கை நீளம். பூட்டுக் காதுகள் (போல்ற்றைப் பூட்டிப் பிடிக்கும் முளைகள்) ரவை அறைக்குப் பக்கத்தில் இல்லாமல் போல்ற்றின் பின்பகுதியில் இருக்கின்றன. வெடிக்கும்போது அந்த நீண்ட போல்ற் முழுவதும் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. அன்றைய மெதுவான ரவைக்கு அது போதுமாக இருந்தது.

இங்கேதான் உயிர் ஆபத்து. 1911-இல் வந்த ஜிபி 11 ரவை இதைவிட மிக அதிக அழுத்தம் உடையது. ஆனால் அது பல 1889 துவக்குகளின் அறைக்குள் தடையில்லாமல் போய்விடும். போகிறது என்பதற்காகச் சுடக்கூடாது. மாற்றியமைக்கப்படாத 1889, 1896 மாதிரிகளுக்குப் பழைய அளவு ரவை மட்டுமே. அது இன்று கடையில் கிடைப்பதில்லை. எங்கள் கழகத்தில் ரவை நிரப்பத் தெரிந்த ஒருவர் ஈயச் சன்னம் (ரவையிலிருந்து பறந்துபோகும் முனை) வைத்து மெல்லிய அழுத்தத்தில் எனக்குச் செய்து தருகிறார். அதை வைத்து வருடத்தில் சில ரவைகள் மட்டும் சுடுகிறேன். 1889-ஐ வாங்குகிறவர்கள் இந்த வசதி இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.

இரண்டாவது 96/11. எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். பழைய 1889/96 துவக்குகளை வீசாமல், ஜிபி 11 ரவைக்குப் புதுக் குழல் போட்டு, ஆறு ரவை மகசின் மாட்டி, நேராக இருந்த மரப்பிடியில் கைக்கு வளைவான ஒரு துண்டை ஒட்டித் திருத்திய மாதிரி இது. அந்த ஒட்டை உற்றுப் பாருங்கள். இரண்டு மரத்துண்டும் சேரும் கோடு மயிரிழை போல இருக்கும், நகத்தால் தடவினால் தட்டுப்படாது. நூறு வருடம் கடந்தும் அது விலகவில்லை. 780 மில்லிமீற்றர் குழல் என்பதால் முன்குறிக்கும் பின்குறிக்கும் நல்ல தூரம். வெறும் இரும்புக் குறியில் 300 மீற்றர் சுடுவதற்கு என்னிடம் உள்ளவற்றில் இதுதான் சிறந்தது. நீளம் காரணமாக இதை ஒதுக்கிவிட்டு எல்லோரும் கரபீனரையே தேடுவதால் விலையும் குறைவாகவே இருக்கிறது. என்னைக் கேட்டால் இன்றைக்குச் சந்தையில் குறைத்து மதிப்பிடப்படும் துவக்கு இதுதான்.

மூன்றாவது, எல்லோரும் தேடும் கரபீனர் 31. பேர்ண் அரச ஆயுதத் தொழிற்சாலையில் அடோல்ஃப் ஃபுரர் தலைமையில் உருவானது. 1933 முதல் 1958 வரை சுமார் 5.28 லட்சம் செய்தார்கள். எண்ணிக்கையில் அரிதில்லை, அமைப்பில் அரிது. முந்தைய கரபீனர் 11-இன் மொத்த நீளம் ஏறத்தாழ 1.1 மீற்றர், இதுவும் அவ்வளவுதான். ஆனால் குழல் 592 மில்லிமீற்றரிலிருந்து 652-க்கு வளர்ந்திருக்கிறது. இந்த 60 மில்லிமீற்றர் எங்கிருந்து வந்தது? பூட்டுக் காதுகளை உறையின் முன்னுக்குக் கொண்டுவந்து, ரவைக்குப் பின்னாலேயே பூட்ட வைத்தார்கள். போல்ற் குட்டையானது, மிச்சம் பிடித்த இடம் குழலுக்குப் போனது. 1889-ஐயும் 31-ஐயும் பக்கத்தில் வைத்துப் போல்ற்றுகளைக் கழற்றிப் பார்த்தால் நாற்பது வருட யோசனை கைக்குள் தெரியும். ஒரேயொரு மாதிரியை வாங்கி நிறுத்துவதைவிட வரிசையாகச் சேர்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

சுடும் அனுபவத்தைச் சொல்கிறேன். விசை இரண்டு கட்டம். முதல் கட்டம் தளர்வாக வந்து ஓரிடத்தில் நிற்கும். அங்கே மூச்சைப் பிடித்து இன்னும் கொஞ்சம் அழுத்தினால் கண்ணாடி உடைவது போலச் சட்டென்று விடும். இழுபடுதல், கரகரப்பு எதுவும் இல்லை. போல்ற்றின் பின்னால் ஒரு வளையம். அதைப் பின்னே இழுத்துத் திருப்பினால் பாதுகாப்பு நிலை. ரவை வெடிக்காவிட்டால் போல்ற்றைத் திறக்காமலே அந்த வளையத்தை இழுத்து மறுபடி அடிக்கலாம். ஜிபி 11-இன் சன்னம் 11.3 கிராம், வால் ஒடுங்கியது, குழலை விட்டு வெளியேறும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 780 மீற்றர். உதை பெரிதில்லை. ஆனால் தோளில் படும் அடித்தகடு இரும்பு. மெல்லிய சட்டையோடு ஒரு பிற்பகல் முழுக்கச் சுட்டால் அடுத்தநாள் தோள் சொல்லும். காதுக்கு பாமிர் (காது மூடி) கட்டாயம். குழல் குட்டையில்லை, ஓசையும் குறைவில்லை.

ஃபெல்ட்ஷீசன் எனும் நாடளாவிய சூட்டு விழாவுக்கு நான் கரபீனரைத்தான் கொண்டுபோவேன். 300 மீற்றரில் 18 ரவை: ஆறு தனித்தனியாக, பிறகு நிமிடத்துக்கு மூன்று வீதம் இருமுறை, கடைசியாக ஒரே நிமிடத்தில் ஆறு. மொத்தம் 72 புள்ளி. அந்தக் கடைசி நிமிடத்தில்தான் நேரிழுப்பின் அருமை தெரியும். பக்கத்தில் தானியங்கித் துவக்கு வைத்திருப்பவர் முடிக்கும் நேரத்தில் நானும் முடித்திருப்பேன். வழக்கமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொள்ளும் இந்த விழாவில் தாத்தாவும் பேத்தியும் அடுத்தடுத்த பாயில் படுத்துச் சுடுவதைக் காணலாம். பங்குபற்றக் காசு இல்லை. எங்கள் பிள்ளைகளில் சிலர் இப்போது வரத் தொடங்கியிருக்கிறார்கள். கழகத்துக்காரர்கள் மனதார வரவேற்கிறார்கள்.

குறைகளும் உண்டு. நேரிழுப்பில் வெடித்த ரவையின் வெற்றுக் கோதை அறையிலிருந்து முதலில் தளர்த்திவிடும் நெம்பும் பலம் குறைவு. மௌசரில் கைப்பிடியைத் தூக்கும்போதே அது நடந்துவிடும், இதில் உங்கள் கைப்பலந்தான். அறை அழுக்காக இருந்தாலோ, மறுபடி நிரப்பிய கோது சற்றுப் பருத்திருந்தாலோ இறுகிவிடும். இராணுவ ஜிபி 11-இல் எனக்கு இது நடந்ததில்லை, மறுநிரப்பில் நடந்திருக்கிறது. இரண்டாவது, கோதுகள் மேல்நோக்கித் தெறிப்பதால் தொலைநோக்கி பூட்டுவது சிக்கல். சுவிஸ்காரர்களே இதற்காக 31/42, 31/43 என்ற துல்லியச் சூட்டு மாதிரிகளில் கண்ணாடியை இடப்பக்கம் வைத்து, நீர்மூழ்கியில் இருப்பது போன்ற தலையை மேலே மடித்து எழுப்பும்படி செய்தார்கள். 42-இல் பெருக்கம் 1.8 மடங்கு, 43-இல் 2.8. நண்பருடைய 31/42-ஐச் சுட்டிருக்கிறேன். தலையைச் சாய்த்துக் கண் வைக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் கழுத்து நோகும். பார்ப்பதற்கு அதுபோன்ற அதிசயம் வேறில்லை, சுடுவதற்கு வெறும் கரபீனரே சுகம். அதன் விலைக்கு நான் போக மாட்டேன். மூன்றாவது, முன்குறி சாய்வான பள்ளத்தில் இருப்பதால் அதற்கென்ற கருவி இல்லாமல் நகர்த்தக்கூடாது. சுத்தியலால் தட்டிச் சிதைத்த குறிகளைச் சந்தையில் அடிக்கடி காண்கிறேன்.

இவற்றுக்கும் முந்திய ஃபெட்டர்லி துவக்கு, 1869 மாதிரி, 10.4 மில்லிமீற்றர், விளிம்பு வெடிப்பு ரவை. அந்த ரவையை இன்று நிரப்ப முடியாது என்பதால் அது என் வட்டத்துக்கு வெளியே. பேர்ணில் உள்ள சூட்டு அருங்காட்சியகத்தில் பார்த்து ரசியுங்கள்.

வாங்கும்போது மரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். கரபீனர்களின் அடிக்கட்டை அநேகமாக எல்லாவற்றிலும் அடிபட்டுக் கறுத்திருக்கும், அது குறையில்லை. 1940-களின் நடுப்பகுதிவரை வால்நட் மரம், பிறகு பீச். என்னுடைய 1943-ஆம் ஆண்டுத் துவக்கின் மரம் பார்க்கச் சகிக்காது, குழலோ உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும். பார்க்க வேண்டியது மூன்று. போல்ற், உடல், குழல் ஆகியவற்றின் இலக்கங்கள் ஒத்துப்போக வேண்டும். குழலுக்குள் வெளிச்சம் விட்டுச் சன்னத்தைச் சுழற்றும் சுருள் வரிகளின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாகக் குழல் வாய். முன்பக்கமிருந்து கவனமில்லாமல் சுத்தம் செய்ததால் வாய் ஒருபக்கம் தேய்ந்த துவக்கு எத்தனை அழகாக இருந்தாலும் ரவைகளை ஒரே இடத்தில் நெருக்கமாகப் போடாது. ஒரு வியாபாரி "சுடவே இல்லை" என்று சொல்லி எனக்குக் காட்டிய துவக்கின் வாய் கோழிமுட்டை வடிவில் இருந்தது. வெறும் ஜிபி 11 சன்னத்தை வாயில் வைத்துச் சுற்றிலும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். லுசேர்ன் ஆயுதச் சந்தைக்குப் போனால் நான் சன்னம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் மேசை மேசையாகப் போவேன்.

அடித்தகட்டின் இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் சிலவற்றில் ஒரு சிறு காகிதம் இருக்கும்: வைத்திருந்த சிப்பாயின் பெயர், பிரிவு, பிறந்த வருடம். என்னுடையதில் மை மங்கிப்போய்ப் பிரிவு இலக்கம் மட்டும் வாசிக்கலாம். எடுக்காமல் அப்படியே விடுங்கள். காகிதத்தைத் தனியாக விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள்.

பராமரிப்பு எளிது. சுட்ட அன்றே குழலைத் துடைக்க வேண்டும், வாய்க்குப் பித்தளை மூடி போட்டுத்தான் துடைக்கும் தண்டை உள்ளே விட வேண்டும். போல்ற் கழற்ற ஒரு கருவியும் தேவையில்லை. பூட்டுக் காதுகளிலும் சரிவுப் பள்ளத்திலும் இராணுவக் கிறீஸ் மெல்லியதாகப் பூசினால் போதும். அதிகமாகப் பூசினால் குளிர்காலத்தில் போல்ற் மந்தமாகும். ஜிபி 11 உலோகத்தை அரிக்காத ரவை என்பதால் பழைய போர்க்கால ரவைகள்போல் உப்புக் கழுவும் வேலை இல்லை. கைவசம் கிடைக்கும்போது இராணுவ ரவையைக் கொஞ்சம் சேர்த்து உலர்ந்த இடத்தில் வையுங்கள், வெற்றுக் கோதுகளை நிரப்பலாம் என்று நம்பி இருக்காதீர்கள். அவற்றின் வெடிகுமிழ் (அடியில் ரவையைப் பற்றவைக்கும் சிறு மூடி) பெர்டான் வகை, வீட்டில் கழற்றி மாற்றுவது பெரிய பாடு. நிரப்பித்தான் சுட வேண்டுமென்றால் வெடிகுமிழை எளிதில் மாற்றக்கூடிய, தனியாரின் பொக்சர் வகைக் கோதுகளையே வாங்குங்கள், முழு அளவுக்கு அச்சில் அழுத்துங்கள், அறைக்குள் லேசாகப் போகிறதா என்று ஒவ்வொன்றையும் வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிட்டுக் களத்துக்குப் போங்கள்.