யூரோப்பியானா: பரண்ல கெடக்குற பெட்டிய எடுத்துட்டு வாங்கன்னு கூப்பிட்ட தளம்

பாளையங்கோட்டைல டிடிபி, ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். பழைய பத்திரம், தாத்தாமார் எழுதி வச்ச கணக்கு நோட்டு, ஆச்சிமாரோட ஜெப நோட்டு, கையெழுத்துல எது வந்தாலும் படிச்சு டைப் அடிச்சுக் கொடுக்குறதுதான் பொழப்பு. கொஞ்ச மாசம் முன்னாடி ஒரு பள்ளிக்கூடத்து நூற்றாண்டு மலர் வேலை வந்துச்சு, கொண்டுவந்த அண்ணாச்சி, "பழைய காலத்து படம் நாலு போடுப்பா, ஆனா நாளைக்கு ஒருத்தன் வந்து இது எம்படம்னு சண்டைக்கு நிக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டாவ. அப்படித் தேடப் போன எடத்துலதான் யூரோப்பியானா கண்ணுல பட்டுச்சு. மலர் அச்சாகி விநியோகமே முடிஞ்சிட்டு, நான் இன்னும் தெனமும் ராத்திரி கடை அடைச்ச பொறவு அதத் தொறந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

தெரியாதவங்களுக்கு சொல்லிருதேன். இது ஐரோப்பிய யூனியன் பணத்துல நடக்குது, ஆபீஸ் நெதர்லாந்துல ஹேக் நகரத்து தேசிய நூலகத்துல இருக்கு. ஐரோப்பா முழுக்க உள்ள ஆயிரக்கணக்கான மியூசியம், நூலகம், ஆவணக் காப்பகத்துல இருக்குற ஓவியம், கடிதம், மேப், பேப்பர், பாட்டு எல்லாம் சேத்து அஞ்சு கோடிக்கு மேல ஒரே தேடல் பெட்டியில வருது. சாமான் எல்லாம் அந்தந்த மியூசியத்துலயேதான் இருக்கும், இங்க விவரமும் சின்னப் படமும், அங்க போறதுக்கு லிங்கும். 2008 நவம்பர் 20ந்தேதி தொறந்தாவ, அன்னைக்கே உலகம் பூரா ஆளு வந்து குவிஞ்சதுல சர்வர் தாங்காம படுத்துட்டு, சில வாரம் கழிச்சுதான் எந்திரிச்சுச்சாம். அத படிச்சப்ப எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பழைய காயிதத்தப் பாக்க அம்புட்டு கூட்டமான்னு.

காசு கெடையாது. பாக்குறதுக்கு அக்கவுண்ட் கூட வேண்டாம். என் தொழிலுக்கு ரொம்ப உதவுனது உரிமை ஃபில்டர்தான். எது யாரு வேணாலும் எடுத்துக்கலாம், எது பேரு போட்டு எடுத்துக்கலாம், எதத் தொடக் கூடாதுன்னு ஒவ்வொண்ணுலயும் எழுதியிருக்கும். கூகுள்ல தேடி வாட்டர்மார்க்க அழிச்சு போடுத பழக்கம் நம்ம லைன்ல எல்லாருக்கும் இருக்கு, அத நான் விட்டுட்டேன். சோழமண்டலக் கடற்கரையோட பழைய மேப் ஒண்ணு, உரிமை தீர்ந்தது, அதத்தான் மலருக்கு முன் அட்டையா போட்டோம், அண்ணாச்சிக்கு அம்புட்டு திருப்தி.

ஆனா நான் இத எழுத உக்காந்தது அதுக்கு இல்ல. இதுல 1914-1918ன்னு மொதல் உலகப்போர் பத்தி ஒரு பகுதி இருக்கு, அதத்தான் எல்லாரும் பாக்கணும். அது எப்படி உருவாச்சுன்னா, 2008ல ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி, உங்க வீட்ல போர்க்காலத்து சாமான் எதுவும் இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்கன்னு பொதுமக்கள கேட்டிருக்காவ, கொஞ்ச மாசத்துல 6,500க்கு மேல வந்துட்டு. அந்த யோசனையத்தான் யூரோப்பியானா எடுத்துக்கிட்டு 2011ல ஜெர்மனில நாலு ஊர்ல, ஃப்ராங்க்ஃபர்ட், பெர்லின், ம்யூனிக், ஸ்டுட்கார்ட்டுன்னு, சேகரிப்பு நாள் நடத்துனாவ. நம்ம ஊர்ல கண் சிகிச்சை முகாம் போடுத மாதிரின்னு வச்சுக்கோங்களேன். ஜனங்க பெட்டி, பை, ஷூ டப்பான்னு தூக்கிட்டு வந்து வரிசைல நிக்கும், உள்ள ஒருத்தர் உக்கார வச்சு இது யாரோடது, உங்களுக்கு எப்படி வந்துச்சு, இவரு திரும்பி வந்தாரான்னு கதை கேட்டு எழுதிக்குவாரு, அடுத்த மேசைல ஸ்கேன், போட்டோ, அம்புட்டுதான், சாமான் அன்னைக்கே வீட்டுக்குப் போயிரும். பறிச்சு வச்சுக்குறது கெடையாது. இந்த ஒரு விஷயத்துக்கே கும்பிடு போடலாம், ஏன்னா நம்மாளுக பெட்டியத் தொறக்க பயப்படுததே கொடுத்தா திரும்ப வருமான்னுதானே. பொறவு பல நாட்டுலயும் இதே மாதிரி நடத்தி, 2014 ஜனவரில பெர்லின்ல முழுசா தொறந்து வைக்கயில சுமார் 7,000 பேரு வீட்லருந்து வந்த 90,000 சாமான் அதுல இருந்துச்சு. பெரிய பெரிய நூலகம் கொடுத்த லட்சக்கணக்கான பக்கம் ஒரு பக்கம், ஒரு பேத்தி கொண்டுவந்த கசங்குன போஸ்ட்கார்டு ஒரு பக்கம், தேடுனா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வரும்.

ஸ்கேன் பண்ணுனா மட்டும் போதுமா, போதாதே, கையெழுத்த யாரு படிக்க. அதுக்குன்னு டிரான்ஸ்க்ரைபத்தான்னு ஒரு தனி தளம் 2016ல ஆரம்பிச்சாவ. இதுக்கு அக்கவுண்ட் வேணும், இனாம்தான். ஒரு பக்கம் கடிதத்தோட படம், பக்கத்துல டைப் அடிக்க பெட்டி, தேதி போடலாம், ஊர மேப்ல குத்தலாம், ஆளு பேரு சேக்கலாம். ஒருத்தர் அடிச்சத இன்னொருத்தர் சரிபாத்தாத்தான் முடிஞ்சதுன்னு கணக்கு, எந்தப் பக்கம் எந்த நெலமைல இருக்குன்னு கலர வச்சே தெரிஞ்சுக்கலாம். ப்ரூஃப் பாக்குத வேலைதான், இருவது வருசமா நான் செய்யுதது. இங்கிலீஷ்ல இருக்குத பக்கத்த மட்டும் எடுத்து அடிப்பேன், பென்சில்ல எழுதுன டைரி, பாதி அழிஞ்சு கெடக்கும், ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் கூட ஆகும். மழை, சேறு, ரொட்டி வரலன்னு எழுதியிருப்பான், மறு நாளும் மழைன்னே இருக்கும். அதுக்கு அடுத்த பக்கம் காலியா இருந்தா எனக்கு திக்குன்னு ஆயிரும்.

ஜெர்மன் பக்கம் நமக்கு ஆகாது, மொழி மட்டும் இல்ல, எழுத்தே வேற. அந்தக் காலத்து கர்ரென்ட்ங்குற ஜெர்மன் கையெழுத்துல 'e' எழுத்து 'n' மாதிரியே இருக்கும், 'u'வுக்கும் 'n'னுக்கும் வித்தியாசம் தெரியணும்னே 'u' மேல சின்ன வளைவு போட்டிருப்பான். நம்ம ஏட்டுல புள்ளியும் இல்லாம, காலும் ரகரமும் ஒரே மாதிரி கெடக்குமே, அதே கஷ்டந்தான். அந்த எழுத்து அங்கயே இப்ப உள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது, தாத்தா கடிதத்த பேரன் படிக்க முடியல, அதான் தெரிஞ்ச வயசாளிக உக்காந்து அடிச்சுக் கொடுக்காவ. இப்ப மெஷினே கையெழுத்த படிக்குத வசதியும் வந்துட்டு, ஆனா மனுசன் கண்ணு ஒருதடவ பாத்தே ஆகணும்.

சரி குறை என்னன்னா, தமிழ் கெடையாது. ஐரோப்பிய யூனியனோட 24 மொழில தளம் இருக்கு, நம்ம இங்கிலீஷ்ல தேடணும். அதுலயும் இன்னைக்கு எழுதுத மாதிரி திருநெல்வேலின்னு மட்டும் அடிச்சு உக்காந்திருந்தா பாதி தப்பிரும், வெள்ளக்காரன் எழுதுன மாதிரி டின்னவெல்லி, பாலம்கோட்டா, டூட்டிகோரின்னு மாத்தி மாத்தி அடிக்கணும். நம்ம நிலாவாரை மூலிகை கூட அங்க மருந்துக் கடைல டின்னவெல்லி சென்னான்னுதான் பேரு. அதுனால மொதல்ல ஒரு தாள்ல நம்ம ஊர் பேரோட பழைய ஸ்பெல்லிங் எல்லாம் எழுதி வச்சுக்கிட்டு ஆரம்பிங்க. படம் சிலது முன்னோட்டம் மட்டுந்தான் தெரியும், உரிமை தீராதது, அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது.

ஐரோப்பாக்காரன் பாரம்பரியம் நமக்கு எதுக்குன்னு கடைக்கு வந்த மாமா ஒருத்தரு கேட்டாரு. 1658ல தூத்துக்குடிய போர்ச்சுக்கீசியர்ட்டருந்து டச்சுக்காரன் புடிச்சான், அவங்க கிழக்கிந்தியக் கம்பெனி எழுதி வச்ச காயிதம் ஒரு கிலோமீட்டருக்கு மேல அலமாரி அலமாரியா ஹேக்ல தேசிய ஆவணக் காப்பகத்துல இருக்கு, யூரோப்பியானா ஆபீஸுக்கு பக்கத்துலயே. முத்துக்குளிச்ச நம்ம ஜனங்க கணக்கு அதுக்குள்ளதானே மாமா கெடக்கும்னேன். இந்தா நம்ம பாளையங்கோட்டைல 1820ல வந்து 1838ல இங்கயே செத்து அடைக்கலாபுரத்துல அடக்கமான மிஷனரி ரேனியஸ் ஐயரும் ஜெர்மன்காரருதான். அவிய பெட்டியும் நம்ம பெட்டியும் ரொம்ப காலத்துக்கு முன்னாடியே கலந்துபோச்சு.

நம்ம பெட்டிய நெனைச்சாத்தான் வயிறு எரியுது. எங்க தாத்தா கொழும்புல மளிகைக் கடைல இருந்தாவ, ஆச்சிக்கு மாசம் ஒரு கடிதம் போடுவாவ, ஆச்சி அதையெல்லாம் கயிறு கட்டி தகரப் பெட்டில வச்சிருந்தா. வீடு இடிச்சுக் கட்டுதப்ப எல்லாத்தையும் பழைய பேப்பர்காரன்கிட்ட எடைக்குப் போட்டுட்டாவ, நான் அப்ப பத்தாம் வகுப்பு, வண்டில தூக்கி விட்டதே நாந்தான். அந்த ஜெர்மன்கார பேத்தி கொண்டுவந்த போஸ்ட்கார்ட பாக்கும்போதெல்லாம் அந்த கயிறுதான் கண்ணுக்குள்ள நிக்கும்.

அஞ்சுக்கு நாலரை கொடுக்கேன். அர மார்க் கொறைச்சது மொழிக்கு. வாத்தியாருமாரு, மலர் போடுதவங்க, வீட்ல சும்மா இருக்குற ரிட்டயர்டு ஆளுக, குறிப்பா நல்ல இங்கிலீஷ் கையெழுத்து படிக்கத் தெரிஞ்ச டீச்சரம்மாமாரு, கண்டிப்பா டிரான்ஸ்க்ரைபத்தான் பக்கம் போய்ப் பாருங்க. போன்ல வேண்டாம், கம்ப்யூட்டர்ல தொறங்க, படத்த பெருசாக்கிப் படிக்கணும்லா.

போன மாசத்துலருந்து ஞாயித்துக்கெழம மத்தியானம் கடைல ஸ்கேனர சும்மா வச்சிருக்கேன், வீட்ல பழைய கடிதம் இருந்தா கொண்டாங்க, காசு வேண்டாம்னு போர்டு எழுதிப் போட்டேன். ரெண்டு ஞாயிறு ஒருத்தரும் வரல. மூணாவது ஞாயிறு ஒரு பெரியம்மா மஞ்சப் பையில பதினோரு கடிதம் கொண்டாந்தாவ, ரங்கூன் ஸ்டாம்பு. யாரு எழுதுனது, யாருக்கு, அவிய திரும்பி வந்தாவளான்னு கேட்டு ஒரு நோட்டுல எழுதிக்கிட்டேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் பதினொண்ணையும் எண்ணிக் கையில கொடுத்தாச்சு, பெரியம்மாவும் ஒருதடவ எண்ணிப் பாத்துட்டு, வீட்ல இன்னும் ஒரு பெட்டி இருக்குன்னாவ.